அம்பாசிடருக்குள் இருந்த மெட்டடோர் என்ஜின்

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம். 19.02.2025 புதன்கிழமை காலை 10.40 மணிக்குக் காவல் நிலையத்துக்குத் தானாக வந்தவர் வாய்மொழியாகச் சொல்ல, உதவி ஆய்வாளர் திருமதி கீதா முன்னிலையில் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

பெயர்: டேனியல். த/பெ: ஐசக் (காலம் சென்றவர்). வயது: 52. தொழில்: மோட்டார் மெக்கானிக். முகவரி: சர்ச் தெரு, காலனி, திருப்புலிவனம்.

நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் திருப்புலிவனம் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருக்கிற பட்டறை என்னுடையது. பட்டறை நிற்கிற இடம் என்னுடையது அல்ல. அது அரிசி மில் ராஜாராம் என்பவருக்குப் பாத்தியமானது. இருபத்தாறு வருஷமாக அவர் இடத்தில்தான் வேலை செய்கிறேன். இடத்தைப் பற்றி இப்போது எதற்கு என்று எழுத்தர் கேட்டார். பின்னால் தேவைப்படும், எழுதுங்கள் என்று சொன்னேன்.

2011-ஆம் வருஷம் மேற்படி ராஜாராமின் மெட்டடோர் வேன் காணாமல் போனது. அதை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் இருசப்பன் திருடி விற்றுவிட்டதாக வழக்காகி, ஒரு வருஷம் தண்டனை அடைந்தான். அவன் உள்ளே போனதற்கு என் சாட்சிதான் காரணம். வேன் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த வேனின் என்ஜின் இப்போது என் பட்டறையில் இருக்கிறது. அது எப்படி வந்தது, அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எனக்கு வரிசையாகப் பேசி வழக்கமில்லை. என் மனைவி இதைச் சொல்லி இருபத்தைந்து வருஷமாகத் திட்டுகிறாள். ஆனாலும் முடிந்த மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த மாதம் 3-ஆம் தேதி திங்கட்கிழமை காலை சுமார் பதினோரு மணிக்கு ராஜாராமின் மகன் தினேஷ்குமார், வயது 31, மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், ஒரு மினி லாரியின் பின்னால் கயிறு கட்டி அவர்கள் வீட்டுப் பழைய அம்பாசிடர் காரை என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அது 1964-ஆம் வருஷத்து மார்க் டூ மாடல். அவருடைய தாத்தா வாங்கியது. இரண்டு வருஷமாக மில் கொட்டகையில் கிடந்ததில் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ராஜாராம் அப்போது கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸில் மகள் வீட்டில் இருந்தார். அவரிடம் சொல்லாமல் வண்டியைத் தயார் செய்து காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று தினேஷ்குமார் சொன்னார். அவர் நல்ல பிள்ளை. அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு அவர் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் காட்டினார். மெட்ராஸில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கப் போவதாகவும், அதில் கலந்துகொள்ள இந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதில் என்ஜின் கம்பெனியில் வந்ததா, மாற்றியதா, மாற்றியது என்றால் எந்த வண்டியின் என்ஜின் என்று ஒரு கேள்வி இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று போட்டிருந்தது. பானட்டைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது டீசல். அவர் அதைப் போட்டோ எடுத்து செல்போனில் ஒரு குழுவில் போட்டிருக்கிறார். ஏழு பேர் ஏழு என்ஜின் பேர் சொல்லியிருந்தார்கள். ஒருத்தர் போர்வெல் கம்ப்ரசர் என்ஜின் என்று எழுதியிருந்தார். "அண்ணா, நீங்க பார்த்து சொன்னீங்கன்னா அத்த எழுதிடுவேன்" என்று சொன்னார். பார்க்கிறேன் என்று சொன்னேன்.

அம்பாசிடர் காரில் பெட்ரோல் என்ஜின் போய்விட்டால் கையில் கிடைத்த டீசல் என்ஜினைத் தூக்கி வைப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். அந்தக் காரின் மூக்குக்குள் எதை வைத்தாலும் உட்காரும். அதனால் கண்ணால் பார்த்ததும் பேர் சொல்ல முடியாது. முதலில் என்ஜின் நம்பரைத் தேடினேன். நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தை யாரோ கிரைண்டிங் வீல் போட்டு வழவழவென்று தேய்த்து அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நம்பர் துருப்பிடித்து அழிவது உண்டு. தேய்ந்து அழிவதும் உண்டு. வீல் போட்டு அழிப்பது வேறு விஷயம். எனக்கு அப்போதே மனசு ஒரு மாதிரி ஆனது. ஆனால் தினேஷ்குமாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்று மாலையே மெட்ராஸ் போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை டீசல் பம்ப் இருந்த பக்கம், நாசில் இறங்கியிருந்த கோணம், டேப்பட் கவரின் வடிவம் எல்லாம் பார்த்தேன். அடியில் படுத்து, ஆயில் தேங்குகிற சம்பைப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் இருப்பதற்காக அதைப் பாதியில் அறுத்துத் திருப்பி வெல்டிங் வைத்திருந்தார்கள். வெல்டிங் சுமார் ரகம். இதையெல்லாம் வைத்து, மெட்டடோர் வேனின் நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் என்று முடிவு செய்தேன். தினேஷ்குமாருக்கு போன் செய்து அதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, ஸ்டார்ட் ஆகுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொன்னேன்.

மெட்டடோர் என்ஜின் என்றதும் எனக்கு ராஜாராமின் வேன் ஞாபகம் வரவில்லையா என்று உதவி ஆய்வாளர் அம்மா இந்த இடத்தில் கேட்டார். வந்தது. ஆனால் அந்த நாளில் தாலுகா முழுக்க மெட்டடோர் ஓடிக்கொண்டிருந்தது, ராஜாராமும் அம்பாசிடர் என்ஜினை மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் வாங்கி வைத்ததாக ஊரில் சொல்லியிருந்தார் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

6-ஆம் தேதி வியாழக்கிழமை டீசல் லைனைச் சுத்தம் செய்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, புது பேட்டரி கட்டி ஸ்டார்ட் செய்தேன். ஏழெட்டுத் தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது சிலிண்டர் டேப்பட்டில் ஒரு தட்டு, அதற்குப் பின்னால் அரைத் தட்டு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என்ஜினை நிறுத்தாமல் இரண்டு நிமிஷம் அப்படியே நின்றேன். அதற்குள் இடது பக்கம், சைலன்சர் பைப்புக்குக் கீழே, என்ஜின் பிளாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் சொட்டியது. நிறுத்திவிட்டு, சூடு ஆறிய பிறகு வயர் பிரஷ் போட்டுப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. ஸ்க்ரூவை எண்ணினேன். பதிமூன்று இருந்தது. மேல் வலது மூலையில் மட்டும் இரண்டு ஸ்க்ரூ ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருந்தது.

அந்தத் தகட்டைப் போட்டவன் நான். 2010-ஆம் வருஷம் கோடையில் போட்டேன். பன்னிரண்டு ஸ்க்ரூதான் கணக்கு. மூலையில் மரை போடும்போது அவசரப்பட்டு, மரை வெட்டுகிற டேப் கருவியை உடைத்துவிட்டேன். உடைந்த துண்டு பிளாக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டதால், அந்த ஓட்டையை மறைக்க மேலே ஒரு ஸ்க்ரூவை ஒட்டிவிட்டு, பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டுப் பதிமூன்றாவது ஸ்க்ரூவை முடுக்கினேன். மற்றவன் வேலையில் ஆயிரம் குற்றம் சொல்லலாம். தன் கை செய்த கோணலை யாரும் மறக்க முடியாது.

அந்தத் தகடு வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2010-இல் மேற்படி மெட்டடோர் வேன் ஒரகடம் பக்கம் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கொதித்து நின்றதும், இருசப்பன் பதற்றத்தில் பம்புசெட் தண்ணீரை வாளியால் அள்ளி என்ஜின் மேலேயே ஊற்றிவிட்டான். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டதும் பிளாக் விரிசல் விட்டது. வேறு பிளாக் போட வேண்டும் என்று நான் சொன்னேன். ராஜாராம் அதெல்லாம் முடியாது, வண்டியை ஓரம் கட்டு, நீயும் வேறு வேலை பார்த்துக்கொள் என்று இருசப்பனிடம் சொல்லிவிட்டார். இருசப்பனுக்கு அந்த வேன் என்றால் உயிர். கெட்டியான பித்தளை இருந்தால் தகடு வெட்டி ஒட்டிப் பார்க்கலாம் என்று நான் வாய்விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவன் தன் வீட்டு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றான். அது அவன் மனைவி முனியம்மாளுக்குக் கல்யாணத்தில் தாய்மாமன் சீராகக் கொடுத்தது. ஈயம் பூசிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லி எடுத்து வந்திருக்கிறான்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் கொடுப்பதில்லை. அண்டாவின் மேல்பக்கத்தில் புள்ளி புள்ளியாக, மேல் வரியில் முனியம்மாள் என்றும், கீழ் வரியில் தாய்மாமன் சீர் என்றும் வெட்டியிருந்தது. அங்கேதான் பித்தளை கெட்டியாக இருந்தது. ஆகையால் அங்கேதான் வெட்டினேன். பேரில் பாதி தகட்டோடு வந்துவிட்டது. "ணா, எழுத்து உள்பக்கமா போவட்டும். அவ பேரு அடுத்தவன் வண்டியில வெளிய தெரிய வாணாம்" என்று இருசப்பன் சொன்னான். அப்படியே எழுத்தை உள்பக்கம் வைத்து, தண்ணீர் கசியாமல் இருக்க ஷெல்லாக் பசை தடவி முடுக்கினேன். வேன் ஓடியது. முனியம்மாள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. நாங்கள் பட்டறையில் அதை வைத்து அவனை ஓட்டிக்கொண்டிருந்தோம். எழுத்து விஷயம் எனக்கும் இருசப்பனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். ராஜாராமுக்குத் தகடு போட்டது தெரியும். எழுத்து உள்ளே இருப்பது தெரியாது.

அதன் பிறகு 2011-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் ராஜாராமின் மில் கணக்குப்பிள்ளை வேதகிரி மெம்பருக்கு நிற்பதாக இருந்தது. இருசப்பன் தானும் நிற்கப் போவதாக டீக்கடையில் சொன்னான். கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லாம் அவன் வேனில் போகிறவர்கள். அவன் ஜெயித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். மனுத் தாக்கல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் மில் கொட்டகையில் நின்ற வேன் விடிகாலையில் காணாமல் போனது. ராஜாராம் புகார் கொடுத்தார். என்னை விசாரித்தபோது, அன்று விடிகாலை ஐந்து மணிக்கு என் பட்டறையைத் தாண்டி அந்த வேன் காஞ்சிபுரம் பக்கமாகப் போனதாகவும், இருசப்பன் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தேன். கோர்ட்டிலும் கூண்டில் ஏறி அதையே சொன்னேன். மனுத் தாக்கலின் கடைசி நாளில் இருசப்பன் ஜெயிலில் இருந்தான். வேதகிரி போட்டியில்லாமல் மெம்பர் ஆனார். அவர் இப்போது உயிரோடு இல்லை.

அடுத்த வருஷம் ராஜாராம் வீட்டு அம்பாசிடர் திரும்ப ஓடத் தொடங்கியது. அதற்கு முன் நாலு வருஷம் பெட்ரோல் என்ஜின் இறுகிச் சுற்றாமல் கிடந்த கார் அது. ஓடத் தொடங்கிய பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்கு மட்டும் எடுப்பார்கள். வேலை இருந்தால் செங்கல்பட்டுக்கு அனுப்புவார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற என்னிடம் அனுப்பியதே இல்லை. ஒரு தடவை பட்டறையைத் தாண்டிப் போனபோது, இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்பாசிடர் போய்க்கொண்டிருந்தது. வேறு என்னமோ என்று வேலையைப் பார்த்தேன்.

மேற்படி 6-ஆம் தேதி மதியம் பதிமூன்று ஸ்க்ரூவையும் கழற்றித் தகட்டை உளியால் நெம்பி எடுத்தேன். உள்பக்கம் பச்சையும் துருவும் ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். மேல் வரியில் ம்மாள் என்றும் கீழ் வரியில் மன் சீர் என்றும் புள்ளி எழுத்து வந்தது. கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலிருந்து வந்த சோறு அப்படியே இருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் நான் செய்த வேலை எதுவும் வேலையாக இல்லை. ஒரு டிராக்டருக்கு கியர் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் என்ஜின் ஆயில் ஊற்றினேன். ஒரே போல்ட்டை மூன்று தடவை முடுக்கினேன். தகட்டை ஒருநாள் பழைய டயருக்குள் வைப்பேன், மறுநாள் பீரோவுக்கு மாற்றுவேன், அதற்கடுத்த நாள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுவேன். என்ன தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தேன். சும்மா இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

13-ஆம் தேதி தினேஷ்குமார் வந்தார். அவரிடம் மேற்படி விவரம் முழுவதையும் தகட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் அந்த 2011-இல் வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தவர். வேன் திருடு போனது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றார். பிறகு தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த டிரைவர் பேரு இன்னாணா?" என்று கேட்டார். சொன்னேன். ஊர்வலப் பாரத்தின் பின்பக்கத்தில் அந்தப் பேரை எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் எனக்கு போன் செய்யவில்லை. அவர் அப்பாவிடம் பேசியிருக்கிறார் என்பது மட்டும் இரண்டு நாளில் தெரிந்தது.

15-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜாராம் ஆட்டோவில் பட்டறைக்கு வந்து இறங்கினார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. நான் எழுந்து நின்றேன். ஸ்டூல் போட்டேன். உட்காரவில்லை. பானட் திறந்திருந்த அம்பாசிடரை ஒரு தடவை சுற்றி வந்தார். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை எனக்கு ஞாபகம் இருக்கிறபடி சொல்கிறேன்.

"டேனியலு, அந்தத் தகட்ட இருந்த மாதிரியே மாட்டிடு. மேல பெயிண்ட் அடிச்சி வூட்டுக்கு அனுப்பிடு" என்று அவர் சொன்னார். நான், "ஐயா, இது இருசப்பன் ஓட்டின வேன் என்ஜினுங்க" என்று சொன்னேன். "வேதகிரி பண்ண வேலை அது. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். செத்தவன் மேல கேசு போடுவாங்களா?" என்று கேட்டார். இருசப்பன் சாகவில்லையே என்று நான் சொன்னேன். அதற்கு அவர் கூரையை நிமிர்ந்து பார்த்து, "ஷீட்டு ஒழுவுதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. மாத்திக்கோ. இந்த எடத்தையும் உம் பேருக்கு எழுதணும்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு எண்ணம் கீது" என்று சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அந்த எண்ணத்தை அவர் வெளியில் சொன்னது அன்றுதான். பிறகு அவர், "ஓட்டிக்கினு போனத பாத்தேன்னு கையெழுத்து போட்டவன் நீ. நான் போடல. நோண்டனா ஒன்னத்தான் உள்ள வெப்பாங்க. யோசன பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கோபமாகப் பேசவில்லை. மில்லில் ஆளுக்கு வேலை சொல்கிற குரலில்தான் பேசினார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னதில் கடைசி பாகம் உண்மை என்பதால் அதிகம் பயமாக இருந்தது.

16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போனேன். இருசப்பன் ஜெயிலிலிருந்து வந்த பிறகு மாமனார் ஊரான அங்கேதான் குடியிருக்கிறான். அவனுக்கு இப்போது ஐம்பது வயது. ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜில் பஸ் கழுவுகிற வேலை. பதினைந்து வருஷம் வேன் ஓட்டியவன். பஸ்ஸைக் கழுவி முடித்ததும் பத்தடி தள்ளி நிறுத்த வேண்டுமென்றால்கூட அங்கே வேறு டிரைவரைத்தான் கூப்பிடுகிறார்கள். திருட்டுக் கேஸில் இருந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பதிமூன்று வருஷமாக அவன் கையில் ஒருத்தரும் ஒரு வண்டிச் சாவி கொடுக்கவில்லை. இதை அவன் சொல்லவில்லை, வழியில் விசாரித்தபோது தெருக்காரர்கள் சொன்னார்கள்.

நான் போனபோது அவன் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் தகட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். எழுத்தின் மேல் விரலை வைத்தான். பிறகு உள்ளே பார்த்து, "முனியம்மா, இங்க வா" என்று கூப்பிட்டான்.

முனியம்மாள் வந்து தகட்டைப் பார்த்தாள். எங்கே இருந்தது என்று கேட்டாள். ராஜாராம் வீட்டுக் காரில் என்று சொன்னேன். அவள் வீட்டுக்குப் பின்னால் போய் அந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் இத்தனை வருஷமாகக் கோழி கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். காற்று போக ஓட்டை இருப்பது வசதியாம். அண்டாவைத் தரையில் வைத்து, தகட்டைத் தூக்கி அந்த ஓட்டையின் மேல் வைத்தாள். நான் தட்டி நேராக்கியிருந்ததால் தகடு வளைவில் படியவில்லை. ஆனால் வெட்டு விளிம்பு நாலு பக்கமும் சேர்ந்தது, எழுத்தும் சேர்ந்தது. மாமன் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி முழுசாக வாசிக்க முடிந்தது. முனியம்மாள் அழவில்லை. "எங்க பொண்ண பாக்க வந்தவங்க ரெண்டு தபா திரும்பிப் போனாங்க. இத்த அப்ப கொண்டாந்திருக்கலாம்ல?" என்று கேட்டாள். எனக்கு இப்போதுதான் தெரியும் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசியது.

நான் இருசப்பன் பக்கம் திரும்பினேன். அண்டாவைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுக்கலாம், கூட நானும் வருகிறேன் என்று நான் சொன்னேன். அவன், "அதெல்லாம் அப்பறம். ஒன்னே ஒன்னு கேக்கறேன், சொல்லுணா. கூண்டுல நின்னுக்கினு என் மூஞ்ச பாத்து சொன்னியே. அன்னிக்கி நீ என்ன பாத்தியா?" என்று கேட்டான்.

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இந்த நிலையத்தின் வாசல் வரை வந்து, எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். இன்று வந்திருக்கிறேன். கேள்வி அவன் கேட்டது. பதிலை இங்கே எழுதிக்கொள்ளவும்.

2011-இல் வேன் காணாமல் போன அன்று விடிகாலை நான் பட்டறைக்குள் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். சாலை எனக்குத் தெரியவில்லை. வேன் போகிற சத்தம்தான் கேட்டது. மூன்றாவது டேப்பட்டின் தட்டும் அரைத் தட்டும் கேட்டது. ஆறிக் கிடக்கிற டீசல் என்ஜினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கிற ஹீட்டர் அந்த வேனுக்கு வேலை செய்யாது. விடிகாலைக் குளிரில் அதை ஸ்டார்ட் செய்கிற கைப்பக்குவம் இருசப்பனுக்குத்தான் உண்டு என்பது என் எண்ணம். ஆகவே ஓட்டுவது அவன்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகும் என்பது மெக்கானிக்கான எனக்குத் தோன்றவில்லை. அன்று காலை ராஜாராம் வந்து, பார்த்தாயா என்று கேட்டார். சத்தம் கேட்டது என்று சொன்னேன். அது போதும், பார்த்த மாதிரிதான், சத்தம் கேட்டேன் என்று சொன்னால் யார் எழுதிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னார். என் காதின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. என்ஜினை அடையாளம் கண்டதில் என் காது தப்பு செய்யவில்லை. ஓட்டியவனையும் அதே காதால் அடையாளம் கண்டதாக நினைத்துக்கொண்டேன். அன்று வாக்குமூலம் எழுதியவர் மேல் குற்றம் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்.

இருசப்பனை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒருத்தரையும் பார்க்கவில்லை.

மேற்படி பித்தளைத் தகடு ஒன்றும் ஸ்க்ரூ பதிமூன்றும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அம்பாசிடர் கார் என்ஜினுடன் பட்டறையில் இருக்கிறது. பட்டறைச் சாவியையும் கொடுக்கிறேன், ஏனென்றால் இன்று சாயந்திரத்துக்குள் இடத்துக்காரர் வேறு பூட்டுப் போடலாம். அண்டா முனியம்மாளிடம் இருக்கிறது. கேட்டால் தருவாள், ஆனால் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். பொய்ச் சாட்சி சொன்னதற்கு என் மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதச் சொன்னேன். சம்மதம் கேட்டு யாரும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று எழுத்தர் சொன்னார். இருந்தாலும் எழுதச் சொன்னேன்.

இதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அது போதாது என்று நானே கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். இதில் கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. இதே வார்த்தையை 2011-இல் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டபோதும் பேனா நடுங்கவில்லை. இப்போது நடுங்குகிறது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ஐ. டேனியல்

என் முன்னிலையில்: (ஒப்பம்) கீதா, உதவி ஆய்வாளர்